ஆன்லைன் டிகிரியா, பிளெண்டடா, என்பிடெல்லா? அடிக்கடி கேக்குற கேள்விகளும் என் பதில்களும்

ஒரு எஞ்சினியரிங் காலேஜ்ல வாத்தியார் வேலை. கிளாஸ் எடுக்குறது போக என்பிடெல்னு ஐஐடிகள் நடத்துற ஆன்லைன் கோர்ஸ்களுக்கு ஸ்பாக் வேலையும் என் தலையிலதான் இருக்கு, அதாவது யார் எந்த கோர்ஸ் எடுத்திருக்காங்க, எக்ஸாம் ஃபீஸ் கட்டிட்டாங்களா, டிகிரிக்கு கணக்காகுற கிரெடிட் ஏறுச்சான்னு பார்த்துக்குற ஆள். பசங்க, பேரண்ட்ஸ், சில சமயம் கூட வேலை பார்க்குற வாத்தியார்களே வந்து கேக்குறது எல்லாம் சுத்திச்சுத்தி ஒரே கேள்விகள்தான், அதான் மொத்தமா எழுதிட்டேன். ரூல்ஸ் வருஷா வருஷம் மாறும், பணம் கட்டுறதுக்கு முன்னாடி யுனிவர்சிட்டிகளுக்கு ரூல்ஸ் போடுற யூஜிசி சைட்டை ஒரு எட்டு பார்த்துக்கோங்க.

கரஸ், ஆன்லைன், பிளெண்டட் எல்லாம் ஒண்ணுதானே சார்?

இல்ல. நம்ம ஊர்ல கரஸ்னு சொல்றது தபால்ல புக் வரும், சனி ஞாயிறு காண்டாக்ட் கிளாஸ் நடந்தா நடக்கும், வருஷக் கடைசில எக்ஸாம். இந்தியாவுல 1962-ல டெல்லி யுனிவர்சிட்டில ஆரம்பிச்ச விஷயம் இது, தமிழ்நாட்டுல 1979-ல அண்ணாமலை யுனிவர்சிட்டி இறங்குனதுக்கப்புறம் வேலை பார்த்துக்கிட்டே டிகிரி முடிச்சவங்க தெருவுக்கு ரெண்டு பேராவது இருப்பாங்க. ஆன்லைன்னா கிளாஸ், மெட்டீரியல், அசைன்மென்ட் எல்லாமே நெட்ல. இதுக்கு யூஜிசி 2018-ல தனி ரெகுலேஷன் போட்டாங்க, 2020-ல டிஸ்டன்ஸையும் ஆன்லைனையும் சேர்த்து ஒரே ரெகுலேஷனா மாத்திட்டாங்க. பிளெண்டட்னா நீங்க ரெகுலர் காலேஜ் ஸ்டூடண்ட்தான், பாடத்துல ஒரு பங்கு நெட்ல, மீதி கிளாஸ்ரூம்ல.

ஆனா பேரை வச்சு நல்லது கெட்டது முடிவு பண்ணாதீங்க. யார் வந்து எந்த கோர்ஸைப் பத்திக் கேட்டாலும் நான் திருப்பிக் கேக்குறது ரெண்டுதான்: எக்ஸாம் எங்க உக்காந்து எழுதணும், வாராவாரம் நீங்க செய்ற வேலையை யாராவது பார்த்து மார்க் போடுறாங்களா. இந்த ரெண்டுக்கும் மழுப்பலா பதில் வந்துச்சுன்னா, வீடியோல வர்றவர் எவ்வளவு பெரிய ப்ரொஃபசரா இருந்தாலும் நான் காசு கட்ட மாட்டேன்.

யூஜிசி 40% ஆன்லைன்னு சொல்லிட்டாங்களாமே?

ரெண்டு வேற வேற 40% இருக்கு, அதைப் போட்டு எல்லாரும் குழப்பிக்குறாங்க. ஒண்ணு ஸ்வயம்ங்கற மத்திய அரசோட ஆன்லைன் கோர்ஸ் தளம் சம்பந்தப்பட்டது, ஒரு செமஸ்டர்ல நீங்க படிக்கிற கோர்ஸ்கள்ல 40% வரைக்கும் ஸ்வயம்ல முடிச்சு கிரெடிட் வாங்கிக்கலாம்னு 2021-ல ரெகுலேஷன் வந்துச்சு, 2016-ல அது 20%-ஆ இருந்தது. இன்னொண்ணு 2021 மே மாசம் யூஜிசி விட்ட பிளெண்டட் லேர்னிங் வரைவு, அதுல ஒரே பாடத்துக்குள்ள 40% நெட்ல நடத்தலாம், 60% நேர்லன்னு இருந்துச்சு.

ரெண்டாவது விஷயத்தை எடுத்துக்கிட்டா, 45 மணி நேர பாடத்துல 18 மணி நேரம் நெட்ல போகலாம். பெரும்பாலும் என்ன நடக்குதுன்னா கடைசி யூனிட்டை அப்படியே தூக்கி ஜூம்ல நடத்திட்டு பிளெண்டட்னு ஃபைல்ல எழுதிடுறாங்க. எந்த 18 மணி நேரம்ங்கறதுதான் இதுல உண்மையான கேள்வி. டெஃபனிஷன், டெரிவேஷன், போர்டுல எழுதிப் போட்டு பசங்க காப்பி எடுக்குற பகுதி, இதெல்லாம் ஒவ்வொரு யூனிட்லயும் கொஞ்சம் இருக்கும்ல, அதை எடுத்து வீடியோவுக்கு அனுப்பணும், ப்ராப்ளம் போடுற நேரத்தை கிளாஸ்லயே வச்சுக்கணும். அதுக்கு முழு பாடத்தையும் பிரிச்சு மேஞ்சு திரும்ப அடுக்கணும், வேலை ஜாஸ்தி, அதான் யாரும் செய்றதில்ல.

ஃபிளிப்ட் கிளாஸ்ரூம்னா வீட்ல வீடியோ பார்த்துட்டு வர்றதுதானே, அதுக்கு வாத்தியார் எதுக்கு?

வாத்தியாருக்கு வேலை கூடும், குறையாது. இந்தப் பேர் பரவுனது அமெரிக்கால கொலராடோ மாநிலத்துல ரெண்டு ஸ்கூல் கெமிஸ்ட்ரி டீச்சர்களால, ஜோனதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ், 2007 வாக்குல. விளையாட்டுப் போட்டிக்கெல்லாம் போய் கிளாஸ் மிஸ் பண்ற பசங்களுக்காக பாடத்தை ரெக்கார்ட் பண்ணாங்க, அப்புறம் எல்லாருமே வீட்ல பார்க்கட்டும், கிளாஸ்ல கணக்கு போடலாம்னு மாத்திட்டாங்க. யுனிவர்சிட்டிகள் பின்னாடி எடுத்துக்கிச்சு.

என் அனுபவத்துல இதோட அருமை தெரியுறது சர்க்யூட் தியரில. நோடல் அனாலிசிஸ், அதாவது ஒயர்கள் சேருற ஒவ்வொரு புள்ளிக்கும் (நோடு) கரண்ட் ஈக்வேஷன் எழுதுற முறை, அதை போர்டுல நான் போட்டுக் காட்டுனா எல்லாம் தலையாட்டும். அதையே எட்டு நிமிஷ வீடியோவா முன்னாடியே குடுத்துட்டு, கிளாஸ்ல மூணு மூணு பேரா உக்கார வச்சு ஒரு சர்க்யூட்டை குடுத்தா, பெஞ்ச் பெஞ்சா நடக்கும்போதுதான் தெரியும், பாதி பேர் ஒரு நோடுக்கு கரண்ட் வெளிய போகுதுன்னு எழுதிட்டு அடுத்த நோடுக்கு உள்ள வருதுன்னு எழுதி ரெண்டையும் ஒரே ஈக்வேஷன்ல கலந்து வச்சிருப்பாங்க. ஆன்சர் மைனஸ்ல வந்தவுடனே பேனாவை கீழ வச்சுட்டு பக்கத்து பையன் நோட்டை எட்டிப் பார்ப்பாங்க. அந்த இடத்துல போய் "தம்பி, முதல்ல அம்புக்குறியைப் போடு, அப்புறம் எழுது"ன்னு சொல்றதுக்கு லெக்சர்ல எனக்கு நேரமே கிடைக்காது.

வீடியோ பார்க்காமலே கிளாஸுக்கு வந்தா?

வருவாங்க. அப்போ வாத்தியார் பண்ற தப்பு என்னன்னா பாவம்னு திரும்ப முழு லெக்சரையும் எடுக்குறது, ஒரு தடவை எடுத்தா அடுத்த வாரம் பார்த்துட்டு வந்த பத்து பேரும் பார்க்க மாட்டாங்க. ஆரம்பத்துல அஞ்சு நிமிஷம், அஞ்சு கேள்வி, இன்டர்னல்ல மார்க், அவ்வளவுதான். வீடியோவும் சின்னதா இருக்கணும். எட்எக்ஸ்ங்கற ஆன்லைன் தளத்தோட கோர்ஸ்கள்ல 69 லட்சம் தடவை வீடியோ பார்த்த டேட்டாவை வச்சு 2014-ல ஒரு ஆய்வு வந்துச்சு, ஆறு நிமிஷத்துக்குக் கீழ இருக்குற வீடியோக்களைத்தான் பசங்க ஒழுங்கா பார்க்குறாங்கன்னு. ஐம்பது நிமிஷ லெக்சரை அப்படியே ரெக்கார்ட் பண்ணி ஏத்துறவங்க இதை யோசிக்கணும்.

ஹைஃப்ளெக்ஸ்?

சான் ஃபிரான்சிஸ்கோ ஸ்டேட் யுனிவர்சிட்டில பிரையன் பீட்டின்னு ஒருத்தர் 2000-களோட நடுவுல கொண்டு வந்த மாடல். ஒரே கிளாஸ், நேர்லயும் வரலாம், லைவ்வா நெட்லயும் சேரலாம், ரெக்கார்டிங்கும் பார்க்கலாம், ஒவ்வொரு வாரமும் ஸ்டூடண்டே முடிவு பண்ணிக்கலாம். கோவிட் முடிஞ்ச கையோட நம்ம ஊர்லயும் முயற்சி பண்ணாங்க. கேமராவைப் பார்த்துப் பேசுனா முன்னாடி உக்காந்திருக்குறவன் தூங்குறான், கிளாஸைப் பார்த்துப் பேசுனா வீட்ல இருக்குறவனுக்கு கேக்கல. கூட ஒரு ஆள், ஒழுங்கான மைக் இல்லாம இதைத் தொடாதீங்க.

என்பிடெல்னா யூடியூப்ல வர்ற ஐஐடி வீடியோதானே, அதுக்கு எதுக்கு எக்ஸாம்?

வீடியோ மட்டும் 2003-ல ஆரம்பிச்சது, ஏழு ஐஐடியும் பெங்களூர் ஐஐஎஸ்சியும் சேர்ந்து. ரொம்ப வருஷம் அப்படியே வீடியோ களஞ்சியமாதான் இருந்துச்சு, விருப்பப்பட்டவங்க பார்த்தாங்க. 2014-ல சர்டிஃபிகேட் கோர்ஸ் கொண்டு வந்தாங்க, அதுக்கப்புறம்தான் காலேஜ் காலேஜா இது பரவுச்சு. வீடியோவோட தரம் ஒண்ணும் மாறல, தேதியும் எக்ஸாமும் வந்துச்சு, அவ்வளவுதான் வித்தியாசம்.

சேர்றதுக்கு காசு இல்ல. 4, 8, 12 வாரம்னு கோர்ஸ் இருக்கும், கிரெடிட் 1, 2, 3. வாரம் ஒரு அசைன்மென்ட். எக்ஸாம் எழுதணும்னா மட்டும் ஒரு கோர்ஸுக்கு 1000 ரூபா ஃபீஸ், எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளி பசங்களுக்கு பாதி. எக்ஸாம் வீட்ல இல்ல, சென்டருக்குப் போய் கம்ப்யூட்டர்ல எழுதணும், ஹால்ல ஆள் நிப்பாங்க.

மார்க் கணக்கை நல்லா புரிஞ்சுக்கோங்க, இதுலதான் நிறைய பேர் மாட்டுறாங்க. அசைன்மென்ட்டுக்கு 25, எக்ஸாமுக்கு 75. 12 வார கோர்ஸ்னா பெஸ்ட் 8 அசைன்மென்ட்டோட சராசரி எடுப்பாங்க, 8 வாரம்னா பெஸ்ட் 6. பாஸ் ஆக 25-க்கு 10-ம் வேணும், 75-க்கு 30-ம் வேணும், ரெண்டும் தனித்தனியா. ஒருத்தன் அசைன்மென்ட்ல 25-க்கு 25 வாங்கி எக்ஸாம்ல 29 எடுத்தா மொத்தம் 54, ஆனா சர்டிஃபிகேட் கிடையாது. இன்னொருத்தன் 10-ம் 30-மா 40 எடுத்தாலே கிடைச்சிடும். "சார் என்னை விட கம்மியா எடுத்தவனுக்கு வந்திருக்கு"ன்னு ரிசல்ட் வந்த அன்னைக்கு ரூமுக்கு வர்ற பசங்க எல்லாமே முதல் வகை.

அந்த அசைன்மென்ட் ஆன்சர் எல்லாம் டெலிகிராம்ல வந்துடுதே?

வருது, யூடியூப்லயே வருது, இப்போ ஏஐ வேற வந்தாச்சு. புதன்கிழமை ராத்திரி 11:59 கடைசி நேரம், பத்து மணிக்கு ஹாஸ்டல்ல போய் பார்த்தா ஒரே ஸ்கிரீன்ஷாட் ரூம் ரூமா சுத்திக்கிட்டு இருக்கும், பத்தாவது கேள்விக்கு தப்பான ஆப்ஷன் இருந்தா மொத்த விங்கும் அதே தப்பைப் போட்டிருக்கும். இதை நிறுத்த முடியும்னு நான் நம்பல. அதுக்காகத்தான் 75-ஐ எக்ஸாம் ஹால்ல வச்சிருக்காங்க, அதுலயும் தனியா 30 வேணும்னு வச்சிருக்காங்க. வெறும் அசைன்மென்ட்டை வச்சு சர்டிஃபிகேட் குடுக்குற கோர்ஸ் எல்லாத்தையும் இந்த ஒரு காரணத்துக்காகவே நான் கொஞ்சம் தள்ளி வச்சுத்தான் பார்ப்பேன்.

காப்பியடிக்கிற பையனுக்கு நான் சொல்றது ஒண்ணுதான்: ஆன்சரைப் பார்த்துக்கோ, ஆனா ஏன் அந்த ஆப்ஷன்னு ஒரு வரி நோட்ல எழுது. பாதி பேர் அதைச் செய்றதில்ல, செய்றவங்க பாஸ் ஆயிடுறாங்க.

எலைட், சில்வர், கோல்டுன்னு போட்டா பிளேஸ்மென்ட்ல மதிப்பு உண்டா?

60-க்கு மேல எலைட், 75-க்கு மேல கூடவே சில்வர், 90-க்கு மேல கோல்டு. இன்டர்வியூல அந்த பேட்ஜைப் பத்தி பெருசா கேக்க மாட்டாங்க, பாடத்தைக் கேப்பாங்க. உண்மையான லாபம் கிரெடிட்ல இருக்கு. உங்க யுனிவர்சிட்டி எலெக்டிவ்க்கு பதிலா ஏத்துக்கும்னா அந்த செமஸ்டர்ல ஒரு பேப்பர் குறையும். ஆனா கோர்ஸ் எடுக்குறதுக்கு முன்னாடியே டிபார்ட்மென்ட்ல எழுதிக் குடுத்து ஒப்புதல் வாங்கிடுங்க, முடிச்சுட்டு வந்து கேட்டா சிலபஸ் ஒத்துப்போகலன்னு கை விரிச்சிடுவாங்க.

ஐஐடி மெட்ராஸ் பிஎஸ் டேட்டா சயின்ஸ் நிஜமாவே ஐஐடி டிகிரியா? ஜேஇஇ வேண்டாமாமே?

ஐஐடி டிகிரிதான், பிடெக் இல்ல. 2020 ஜூன்ல பிஎஸ்சியா ஆரம்பிச்சு பின்னாடி நாலு வருஷ பிஎஸ்ஸா நீட்டுனாங்க. பிளஸ் டூ எந்த குரூப்பா இருந்தாலும் பரவால்ல, பத்தாவதுல மேத்ஸும் இங்கிலீஷும் படிச்சிருக்கணும். ஜேஇஇ இல்லாம சேரலாம்ங்கறது சரி, ஆனா வடிகட்டி இல்லன்னு நினைச்சுடாதீங்க. முதல்ல நாலு வாரம் பாடம் நடத்தி, அந்த நாலு வாரப் பாடத்துலயே குவாலிஃபையர் எக்ஸாம் வைப்பாங்க, பாஸ் ஆனாத்தான் உள்ள. எனக்கு இந்த முறை ரொம்பப் பிடிச்சிருக்கு, ரெண்டு வருஷம் கோச்சிங் போன பழைய அறிவை சோதிக்காம, ஒரு மாசம் குடுத்தா உன்னால எவ்வளவு படிக்க முடியும்னு பார்க்குறாங்க.

உள்ள போனதும் வருஷத்துக்கு மூணு டேர்ம், ஒவ்வொண்ணும் 12 வாரம். வாராவாரம் அசைன்மென்ட், நடுவுல ரெண்டு குவிஸ், கடைசில எண்ட் டேர்ம். குவிஸும் எண்ட் டேர்மும் சென்டருக்குப் போய் எழுதணும். 142 கிரெடிட் முடிச்சா பிஎஸ். நடுவுல நிறுத்துனாலும் வெறுங்கையோட அனுப்ப மாட்டாங்க, ஃபவுண்டேஷன்ங்கற முதல் லெவல் முடிச்சா சர்டிஃபிகேட், அடுத்த லெவல்ல டிப்ளமா, 114 கிரெடிட்ல பிஎஸ்சி. 8 வருஷம் வரைக்கும் டைம் இருக்கு. 2022-ல யூஜிசி ஒரே நேரத்துல ரெண்டு டிகிரி படிக்கலாம்னு சொன்னதால பகல்ல பிகாம், ராத்திரி இதுன்னு ஓட்டுற பசங்க நிறைய இருக்காங்க.

ஒரு கோர்ஸுக்கு வாரத்துக்கு பத்து மணி நேரம்னு அவங்களே சொல்றாங்க. ரெகுலர் காலேஜ் போய்க்கிட்டே நாலு கோர்ஸ் எடுத்துட்டு முதல் குவிஸ்ல ரெண்டை விட்டுட்டு வர்ற கதை எனக்கு பழகிப்போச்சு. முதல் டேர்ம்ல ரெண்டு எடுங்க, போதும்.

லேப் எப்படி சார் ஆன்லைன்ல?

ப்ரோக்ராமிங்னா பிரச்சனை இல்ல. கையால செய்ற லேப்னா கல்வி அமைச்சகத்தோட விர்ச்சுவல் லேப்ஸ் இருக்கு, நேர்ல செய்றதுக்கு முந்தின நாள் ஒரு தடவை பார்த்துட்டு வர நல்லா இருக்கும், ஆனா லூஸ் கனெக்‌ஷனைக் கண்டுபிடிக்க சிமுலேஷன் கத்துத் தராது. ஐஐடி மெட்ராஸே 2023-ல எலெக்ட்ரானிக் சிஸ்டம்ஸ் பிஎஸ் ஆரம்பிச்சப்ப தியரியை நெட்ல வச்சுக்கிட்டு லேபுக்கு சென்னை கேம்பஸுக்கு வரச் சொல்லிட்டாங்க. பிளெண்டட்னா என்னன்னு கேக்குறவங்களுக்கு நான் காட்டுறது இதைத்தான்.

கோர்செரா, எட்எக்ஸ் வந்தப்ப காலேஜே இருக்காதுன்னாங்களே, என்னாச்சு?

2011-ல ஸ்டான்ஃபோர்ட்ல செபாஸ்டியன் த்ரனும் பீட்டர் நார்விக்கும் ஏஐ கோர்ஸை நெட்ல திறந்து விட்டாங்க, ஒன்றரை லட்சத்துக்கும் மேல சேர்ந்தாங்க, முடிச்சது இருபதாயிரத்து சொச்சம். அந்த வேகத்துல அடுத்த வருஷமே யுடாசிட்டி, கோர்செரா, எட்எக்ஸ்னு மூணு ஆன்லைன் கோர்ஸ் தளமும் வந்துச்சு. 2013-ல சான் ஹோசே ஸ்டேட் யுனிவர்சிட்டி யுடாசிட்டியோட சேர்ந்து அடிப்படை மேத்ஸ் மாதிரி கோர்ஸ்களை நெட்ல நடத்திப் பார்த்துச்சு, நேர் கிளாஸை விட பாஸ் கம்மியாகி அந்த வருஷமே நிறுத்தி வச்சாங்க. மேத்ஸ்ல ஏற்கனவே தடுமாறுற பசங்களை தனியா ஒரு ஸ்கிரீன் முன்னாடி உக்கார வச்சா வேற என்ன ஆகும்.

அதே யுடாசிட்டி, ஏடி அண்ட் டிங்கற டெலிகாம் கம்பெனி ரெண்டோடயும் சேர்ந்து ஜார்ஜியா டெக் யுனிவர்சிட்டி 2014 ஜனவரில ஆரம்பிச்ச ஆன்லைன் கம்ப்யூட்டர் சயின்ஸ் மாஸ்டர்ஸ் நல்லா நின்னுச்சு. மொத்த ஃபீஸே 7000 டாலர் கிட்டதான். அங்க வந்தது ஏற்கனவே டிகிரி முடிச்சு வேலை பார்க்குற ஆளுங்க, அசைன்மென்ட் திருத்துறதுக்கு டீச்சிங் அசிஸ்டண்ட் பட்டாளமே வச்சிருந்தாங்க. 2016-ல அசோக் கோயல்னு ஒரு ப்ரொஃபசர் அந்தப் பட்டாளத்துக்குள்ள ஜில் வாட்சன்னு ஒரு ஏஐயை சொல்லாம நுழைச்சுட்டார், பசங்க செமஸ்டர் முடியுற வரைக்கும் மனுஷின்னே நினைச்சுக்கிட்டு இருந்தாங்க. வீடியோ வாங்க காசு ஆகாது, திருத்துறதுக்குத்தான் காசு ஆகும்ங்கறது அங்க நல்லா தெரியும்.

நேர்ல படிக்கிறதை விட ஆன்லைன் நல்லதுன்னு ஆராய்ச்சி சொல்லுதாமே?

அமெரிக்க கல்வித்துறை 2010-ல ஒரு பெரிய தொகுப்பாய்வு போட்டாங்க, பிளெண்டட்ல படிச்சவங்க நேர் கிளாஸ்ல மட்டும் படிச்சவங்களை விட கொஞ்சம் நல்லா பண்ணாங்கன்னு வந்துச்சு. கம்பெனிக்காரங்க பிரசெண்டேஷன்ல இதோட நிறுத்திக்குவாங்க. அதே அறிக்கையில, பிளெண்டட் பசங்களுக்கு கூடுதல் நேரமும் கூடுதல் மெட்டீரியலும் கிடைச்சுது, அதுதான் காரணமா இருக்கலாம், நெட்டுங்கற மீடியம் இல்லன்னும் இருக்கு.

எஞ்சினியரிங், நர்சிங், லா ஆன்லைன்ல படிக்கலாமா?

முடியாது. எஞ்சினியரிங், மெடிக்கல், நர்சிங், ஃபார்மசி, பிசியோதெரபி, ஆர்க்கிடெக்சர், லா எல்லாம் டிஸ்டன்ஸ்லயும் ஆன்லைன்லயும் தடை. 2025 ஜூலை அட்மிஷன்ல இருந்து சைக்காலஜி, மைக்ரோபயாலஜி, நியூட்ரிஷனும் அந்த லிஸ்ட்ல சேர்ந்தாச்சு. எம்பிஏ, எம்சிஏ படிக்கலாம்.

"எங்க சித்தப்பா கரஸ்ல பிஇ முடிச்சாரே"ன்னு கேக்குறவங்களுக்கு: சில டீம்ட் யுனிவர்சிட்டிகள் ஒப்புதல் இல்லாம குடுத்த எஞ்சினியரிங் டிகிரிகளைப் பத்தி 2017 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்துச்சு. 2001-ல இருந்து 2005 வரைக்கும் சேர்ந்தவங்க தொழில்நுட்பக் கல்வி கவுன்சிலான ஏஐசிடிஇ வைக்கிற தேர்வு எழுதி பாஸ் ஆனாத்தான் டிகிரி செல்லும்னாங்க, அதுக்கப்புறம் சேர்ந்தவங்க டிகிரி செல்லாதுன்னுட்டாங்க. புரமோஷன் வாங்கி பல வருஷம் ஆன ஆளுங்க நாப்பது வயசுல திரும்ப தெர்மோடைனமிக்ஸ் புக்கைத் தேடுனாங்க.

கவர்மென்ட் வேலைக்கு செல்லுமா?

அங்கீகாரம் உள்ள யுனிவர்சிட்டின்னா ஆன்லைன், டிஸ்டன்ஸ் டிகிரி ரெகுலருக்கு சமம்னு யூஜிசி 2022 செப்டம்பர்ல தெளிவா சொல்லிட்டாங்க. தமிழ்நாடு அரசு வேலைக்கு கூடுதலா ஒண்ணு பார்ப்பாங்க: பத்தாவது, பிளஸ் டூ, அப்புறம் டிகிரிங்கற வரிசை. பிளஸ் டூ எழுதாம ஓப்பன் யுனிவர்சிட்டில நேரா டிகிரி வாங்குனா இங்க ஏத்துக்க மாட்டாங்க, 2009-லயே அரசாணை இருக்கு. இதைத் தெரியாம மூணு வருஷம் படிச்சுட்டு டிஎன்பிஎஸ்சி செர்டிஃபிகேட் வெரிஃபிகேஷன்ல அழுறவங்க இன்னும் இருக்காங்க.

யுனிவர்சிட்டி உண்மையா டுபாக்கூரான்னு எப்படிப் பார்க்குறது?

யூஜிசி டிஸ்டன்ஸ் எஜுகேஷன் பியூரோ, சுருக்கமா டெப், அவங்க சைட்ல ஒவ்வொரு செஷனுக்கும் அனுமதி உள்ள யுனிவர்சிட்டி லிஸ்ட் போடுவாங்க. யுனிவர்சிட்டி பேர் இருந்தா போதாது, நீங்க சேர்ற ப்ரோக்ராம் பேரும், அந்த வருஷமும் இருக்கணும். பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல மாடில ஒரு ரூம் போட்டு "ஸ்டடி சென்டர், ஒரே வருஷத்துல டிகிரி"ன்னு பேனர் வச்சிருந்தா படி ஏறாதீங்க, ஃப்ராஞ்சைஸ் குடுத்து நடத்தவே அனுமதி இல்ல. இப்போ சேர்றதுக்கு டெப் ஐடியும் கேப்பாங்க, அதை நீங்களே உங்க பேர்ல போடணும், ஏஜெண்ட் போன் நம்பர்ல போட விட்டுடாதீங்க.

இங்கிலீஷ் வராது, தமிழ்ல கிடைக்குமா?

என்பிடெல்ல நிறைய கோர்ஸுக்கு தமிழ்ல மொழிபெயர்த்த டெக்ஸ்ட் இருக்கு. எக்ஸாம் பெரும்பாலும் இங்கிலீஷ்லதான். முதல் ரெண்டு வாரம் தமிழ்ல படிச்சு விஷயத்தைப் புரிஞ்சுக்கிட்டு, வீடியோவை சப்டைட்டில் போட்டு 0.75 ஸ்பீட்ல ஓட்டுங்க, வட இந்திய உச்சரிப்பும் அதுல பழகிடும்.

போன் போதுமா, லேப்டாப் வாங்கணுமா?

வீடியோ பார்க்கவும் என்பிடெல் அசைன்மென்ட் போடவும் போன் போதும். ஐஐடி பிஎஸ்ல ப்ரோக்ராமிங் எக்ஸாம் வீட்ல இருந்தே கேமரா கண்காணிப்புல எழுதணும், அதுக்கு வெப்கேம் உள்ள லேப்டாப்பும் கரண்ட் போனாலும் நிக்காத நெட்டும் வேணும். சென்டர்ல எழுதுற எக்ஸாமுக்கு ஹால் டிக்கெட்டை பிரிண்ட் எடுத்துக்கோங்க, ஒரிஜினல் ஐடி கார்டு கையில இருக்கணும், போன்ல இருக்குன்னு கேட்ல நின்னு வாதாடுனா உள்ள விட மாட்டாங்க.